ஏரிக்கரையில் மீன் பொரியல்

சென்ட் லோரன்ட் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் கணவனிடம் சொன்னாள்: "எனக்கு ஏரி தேவையில்லை. வெளியில அடுப்பு இருக்கோ எண்டு கேளுங்கோ."

பள்ளிக்கூடப் பக்கமே போகாத எனக்கு ஒட்டுக்கேட்பதில் பட்டம் கொடுக்கலாம். காதை நீட்டினேன்.

"காரில கொஞ்சத் தூரம்தான். லீவுக்கு வாடகைக்கு எடுத்துப் படுக்கிற வானுக்கு முன்னாலயே ஏரி. அங்கையும் சமையலோ?"

"மேல்வீட்டு மனிசி மணக்குதெண்டு கத்தினதில இருந்து வீட்டில மீன் பொரிச்சனாங்களோ? அடுப்பு இல்லையெண்டா நான் வரமாட்டன்."

அவர் வானை வாடகைக்கு விடுகிறவருக்குப் போன் எடுத்து 'பொன்ஜூர்' சொல்லி, பிரெஞ்சில் தடுமாறி, 'மெர்சி' என்று முடித்தார்.

"இருக்காம்!"

"அப்ப சனிக்கிழமை விடியவே வெளிக்கிடுவம்."

"பக்கத்து வான்காரன் பொலிசைக் கூப்பிடுவான்."

"வரட்டும். பொலிசுக்கும் ரெண்டு துண்டு வைப்பம்."

நான் இறங்கவேண்டிய தரிப்பு எப்போதோ போய்விட்டது. யாரும் இன்னும் பொரிக்காத மீனுக்கு வாயூறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.