துளிர்னு ஒரு பேரு

பேரா சார் அது? துளிர், கிளை, வேர்... லினக்ஸுக்குப் பேர் வெக்கச் சொன்னா, செடி விக்கிற கடைக்கு வெச்ச மாதிரி! நீங்க பாருங்க சார், நான் பேசுறேன்னு கையை நிறுத்தாதீங்க. அழிஞ்ச டிஸ்க்கைத் தோண்டி எடுக்க உங்களை விட்டா ஆளில்லன்னாங்க.

லேப்டாப் என் நாத்தனாரோடது. அதோ, வெளியில பெஞ்சுல பையை மடியில வெச்சுட்டு உக்காந்திருக்காங்களே, அவங்கதான். தையல் கடை. பதினஞ்சு வருஷமா வந்தவங்க அளவு பூரா இதுலதான். தோள், இடுப்பு, இவருக்கு ஒரு கை அரை இஞ்ச் நீளம், அந்தம்மாவுக்குக் கழுத்து இறக்கினா பிடிக்காது... எல்லாம்! லேப்டாப் மெதுவாப் போகுதுன்னு, விண்டோஸுக்குப் பதிலா எங்க ஆபீஸ்ல செய்யிற லினக்ஸை அவங்களே இறக்கிப் போட்டிருக்காங்க. வீட்டுலயே ஒருத்தி இருக்கேன், ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? ...ம், கேட்டாங்க. மீட்டிங்ல இருந்தேன். "சைட்லயே இருக்கும் பாருங்க அண்ணி"ன்னு போனை வெச்சுட்டேன். அதை விடுங்க.

சைட்ல என்ன இருக்கு? மூணு படம், மூணு பேரு. "நான் புதுசாக் கத்துக்கிறவ, எனக்குத் துளிர்தானே"ன்னு எடுத்திருக்காங்க. வேற எதை எடுப்பாங்க? அந்தத் துளிர்தான் சார் நாங்க சோதனைக்கு வெச்சிருக்கிறது! போடும்போதே டிஸ்க்கை மொத்தமாத் துடைச்சுடும், ஒரு வார்த்தை கேக்காது. வீட்டுல போட வேண்டியது வேர். வேர்னா உறுதியாம்! ஜோசியம் பாத்தா கண்டுபிடிப்பாங்க?

இதுக்கு மூணு வாரம் மீட்டிங் வேற. ஒருத்தர் கிரகத்துப் பேரெல்லாம் எழுதிட்டு வந்தார். இன்னொருத்தர் அவர் வளக்கிற பூனைங்க பேரு... வெட்கமே இல்லாம! கையேடு எழுதுற பொண்ணுதான் உருப்படியாச் சொன்னா. 'வீட்டுக்கு', 'ஆபீஸுக்கு', 'சோதனைக்கு மட்டும்'. தீர்ந்தது! சின்னக் குழந்தைகூடத் தப்பா எடுக்காது. அவளைப் போய், "என்னம்மா, மருந்து பாட்டில் சீட்டு மாதிரி இருக்கு, கொஞ்சம் அழகா யோசி"ன்னு எல்லார் முன்னாடியும் மட்டம் தட்டி... அப்புறம் அவ வாயே திறக்கல.

யாரு தட்டினதா?

...நான்தான் சார். துளிர், கிளை, வேர் மூணையும் வெச்சது நான்தான். கவிதையா இருக்குன்னு கை தட்டினாங்களா, எனக்குத் தலைகால் புரியல.

என்ன சார், ஏன் தலையை ஆட்டுறீங்க? பாதிதானா? மீதி... சுத்தமாப் போச்சா?

நேத்துலேருந்து அவங்க என்னை ஒரு வார்த்தை திட்டல சார். "படிப்பு பத்தாதவ, நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்"னு அழறாங்க. என் தப்புன்னு சொல்லாம நானும் கேட்டுட்டு நின்னேன்.

இருங்க, நீங்க எந்திரிக்காதீங்க. நானே போய்ச் சொல்றேன்...

அண்ணி... கொஞ்சம் தள்ளி உக்காருங்க, நானும் உக்காந்துக்கிறேன். அந்தத் துளிர்... அந்தப் பேரை வெச்சது நான்தான் அண்ணி.