டாஸில் எடுத்த பக்கம்

— உள்ள வரலாமா, வேணாமா? அத்த மட்டும் சொல்லுங்க நீரஜா ஆன்ட்டி. கம்பிக் கதவாண்ட நின்னுக்கினே எவ்ளோ நேரம் பேசறது?

— ஜவஹர், உங்களையெல்லாம் இந்த ஆத்துப் பக்கமே வரவேண்டாம்னு சொல்லியிருந்தேனே...

— கும்பலா வராதீங்கன்னுதான் சொன்னீங்க. நான் ஒத்த ஆளாத்தான் வந்துகீறேன்.

— வக்கணைக்குக் குறைச்சல் இல்ல. உங்க மேல கோவமாடா எனக்கு? நீங்க எல்லாரும் வந்து நின்னா, நடுவுல என் பிள்ளை சாய்நாத் எங்கன்னு தேடறேன். அவன் போய் ஒரு வருஷம் ஆச்சு, கண்ணு இன்னும் தேடறது.

— தெரியும் ஆன்ட்டி.

— அது என்ன கையில, துண்டைச் சுத்தி? குத்துவிளக்கா?

— கப்பு! இந்த வருஷம் எங்க காலேஜ்தான் சாம்பியன். ஒரு மேட்சுகூட தோக்கல!

— ஓ... கிரிக்கெட்டா?

— ஆன்ட்டி! ஃபுட்பால்!

— என்னவோ, எனக்கென்ன தெரியும். அதை ஏன் இங்க எடுத்துண்டு வந்தே?

— எங்க டீம்ல ஒரு வழக்கம் கீது. ஜெயிச்ச கப்பு ஒவ்வொருத்தன் வீட்லயும் ஒரு ராத்திரி தங்கணும். நேத்து நொச்சிக்குப்பத்துல, எங்க வீட்ல. எங்கம்மா அதுல எறாவைக் கொட்டி அலசிடுச்சு...

— ராம ராமா!

— சோப்பு போட்டுக் கழுவிட்டேன் ஆன்ட்டி! மோந்து பாருங்க வேணா!

— கிட்டக் கொண்டு வராதே! ... இன்னிக்கு யார் ஆத்துல?

— இன்னிக்கு சாயி வீட்டு டர்ன். வேணாம்னா சொல்லுங்க. எடுத்துக்கினு போயிடறேன்.

— அவன்தான் இந்த வருஷம் ஆடவே இல்லையேடா...

— அதனால? டீம்ல அவன் இல்லன்னு யாரு சொன்னா?

— இரு, இரு. மொதல்ல எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லு. ஃபைனல்ல டாஸை ஜெயிச்சுட்டு, அந்தப் பக்கத்தை எவனாவது எடுப்பானா?

— எந்தப் பக்கம்?

— கேட் பக்கத்து கோலை! நாலு மணி வெயில் நேரா மூஞ்சியில அடிக்கறது. கோல்கீப்பர் ராகேஷ் பாவம், புருவத்து மேல கையை வெச்சுண்டு நிக்கறான். மடமடன்னு ரெண்டு கோல் வாங்கினேளே!

— ஆன்ட்டி...

— என்ன?

— இப்பத்தான் கிரிக்கெட்டான்னு கேட்டீங்க.

— பேப்பர்ல போட்டிருந்தான்.

— பேப்பர்ல ரெண்டே வரி. ராகேஷ் கை எங்க இருந்துச்சுன்னா போட்டான்?

— அடையாறுக்குக் காய் வாங்கப் போனேன். வழியில கிரவுண்டு கண்ணுல பட்டது.

— மந்தைவெளி மார்க்கெட்டைப் பக்கத்துல வெச்சுக்கினு, காய் வாங்க அடையாறா?

— அங்கதான் கத்திரிக்காய் நன்னா இருக்கும்.

— செமிஃபைனல் அன்னிக்கும் கத்திரிக்காயா? அன்னிக்குக் கொட்டோ கொட்டுன்னு மழை.

— அன்னிக்கு வெண்டைக்... சரி, போடா! போனேன். எல்லா மேட்சுக்கும் போனேன். கேட்டுக்கு வெளியில ஸ்கூட்டர்ல உக்காந்துண்டு, ஹெல்மெட்டைக் கழட்டாமப் பாத்தேன். போறுமா?

— உள்ள வந்து உக்காந்திருக்கலாம்ல?

— உள்ள வந்தா அழுதுடுவேன். அதைப் பாத்தா உங்களுக்கு ஆட்டம் ஓடுமா? ஹெல்மெட்டுக்குள்ளன்னா ஒரு சௌகரியம், யாருக்கும் தெரியாது. மூஞ்சியைத் தொங்கப் போட்டுண்டு தப்பிச்சுக்காதே. கேட்டதுக்குப் பதில்? ஃபைனல் மட்டும் இல்ல, டாஸ் ஜெயிச்ச மேட்சுல எல்லாம் அதே பக்கம். உங்க கோச் தலையில அடிச்சுண்டதை நானே பாத்தேன்.

— அது வந்து... வாஸ்து ஆன்ட்டி.

— ஒதைப்பேன்.

— அதான் ஜெயிச்சுட்டோமே! செகண்ட் ஹாஃப்ல மூணு கோல்!

— மூணும் என் கண்ணு முன்னாடியே விழுந்தது. கடைசி கோலுக்கு வலை எகிறினதுகூடத் தெரிஞ்சுது. ஹெல்மெட்டுக்குள்ளயே கத்திட்டேன், பக்கத்துல இளநீர் விக்கறவர் பயந்துட்டார். ஆனா தோத்திருந்தா? ஒரு வருஷ உழைப்பும் போயிருக்குமேடா! காரணத்தைச் சொல்லு. சொல்லாம இந்தக் கப்பு உள்ள வராது.

— ஹெல்மெட் போட்டா ஆளுதான் தெரியாது ஆன்ட்டி. சாயியோட ஸ்கூட்டர் எங்களுக்குத் தெரியாதா? மொத மேட்சுலயே பாத்துட்டோம். நீங்க நிக்கற எடத்துலேர்ந்து, கேட்டாண்ட கீற கோல் ஒண்ணுதான் நல்லாத் தெரியும். ஃபர்ஸ்ட் ஹாஃப் வெயில்ல நாங்க அங்க நின்னாத்தானே, பக்கம் மாறி, செகண்ட் ஹாஃப்ல உங்க கண்ணு முன்னாடி கோல் போட முடியும்?