இடது மணிக்கட்டின் அளவு

“ஆமாங்க சார், கிடார் கம்பியை மாத்திக் கட்டுனது நாந்தானுங்க.”

இதைச் சொன்னதும் நீங்கள் பேனாவை மூடினீர்கள். பத்தாவது படித்தவள்தானே, மிச்சத்தை உன் கையாலேயே எழுதிக் கொடு என்று இந்தத் தாள்களைத் தள்ளி வைத்தீர்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. எழுதுவது எனக்குப் பிடிக்கும். இந்தப் போலீஸ் ஸ்டேஷன் ஜன்னலிலிருந்து ஏரி ஒரு துண்டு தெரிகிறது. அதன்மேல் பனி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஏதோ வெளிநாட்டுக் கதையின் முதல் பக்கம் மாதிரி இருக்கிறது.

என் பெயர் சென்னம்மாள். வயது இருபது. வாழவந்தி போகிற வழியில் ஒரு சின்னக் காப்பி எஸ்டேட்டில், கூலியாட்களுக்கான லைன் வீட்டில், அண்ணன் செல்லப்பனோடு இருந்தேன். அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போய்விட்டார்கள். அண்ணன் என்னைவிட ஆறு வயது பெரியவன். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவரை எனக்குத் தலை வாரிவிட்டது அவன்தான். இதை முதலில் எழுதுவதற்குக் காரணம், அவன்மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் இருந்ததில்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

கிடார், எங்கள் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த பாக்கியநாதன் விட்டுப்போனது. அவர் சர்ச்சில் வாசித்தவர். வேறு ஊருக்குப் போனபோது கிடாரை அண்ணனுக்கும், ஒரு சாக்கு நிறையப் புத்தகங்களை எனக்கும் கொடுத்தார். எல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்கள். சாக்கு தீர்ந்ததும், ஒண்டிக்கடை முக்குக்குப் புத்தக வண்டி வரும்போதெல்லாம் நான் போய் வாங்கி வந்தேன். பனி பெய்கிற ஊர்கள், அடுப்புக்கு விறகில்லாத வாடகை அறைகள், இருமிக்கொண்டே படம் வரைகிறவர்கள், கண் போன பிறகு பாட்டு எழுதுகிறவர்கள். அந்தப் புத்தகங்களை நீங்கள் படித்ததுண்டா என்று தெரியவில்லை. அவற்றில், உடம்பும் மனசும் நன்றாக இருக்கிற ஒருவனைப் பற்றி யாரும் ஒரு பக்கம்கூட எழுதவில்லை.

அண்ணன் நன்றாகத்தான் வாசித்தான். ரேடியோவில் கேட்ட பாட்டை ரெண்டு நாளில் பிடித்துவிடுவான். கல்யாண வீடுகளில் கூப்பிடுவார்கள். கம்பி அறுந்தால் சேலம் வரை போக வேண்டும் என்பதால் சைக்கிள் பிரேக் ஒயரைப் பிரித்து அதில் ஒரு இழையைக் கட்டிக்கொள்வான். அது விரலை அறுக்கும். அவன் சிரித்துக்கொண்டே வாசிப்பான். கேட்கிறவர்கள் தாளம் போட்டுக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள். அவ்வளவுதான் அது.

எங்கள் எஸ்டேட்டில் காப்பிப் பழத்தின் தோலை உரிப்பது கைச்சக்கரம் வைத்த பழைய பல்ப்பர் மெஷின். மேலே பலகைமேல் நின்று ஒருவர் பழம் கொட்ட வேண்டும். கீழே, தடுப்புக்குப் பின்னால், இன்னொருவர் சக்கரம் சுற்ற வேண்டும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. தண்ணீர் விட்டுக்கொண்டே அரைப்பதால் பேச்சும் கேட்காது. அதனால் தகரத்தில் தட்டுவது வழக்கம். ஒரு தட்டு என்றால் சுற்று. இரண்டு தட்டு என்றால் நிறுத்து, பழம் அடைத்துக்கொண்டது, கையை விடப்போகிறேன் என்று அர்த்தம். அண்ணன் கொட்டுவான், நான் சுற்றுவேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மார்கழி மாதம் அவன் இரண்டு தட்டியது எனக்குக் கேட்கவில்லை. கடல் உறைந்துபோன ஊரில் விளக்குக் கோபுரம் காக்கிற ஒரு பெண்ணின் கதையை அன்று காலையில்தான் பாதியில் வைத்திருந்தேன். மனசு அங்கே இருந்தது. அவன் இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் போயின.

அது தவறுதான். அதை நான் யாரிடமும் மறைக்கவில்லை. அண்ணனே எல்லாரிடமும், தான்தான் ஒரு தட்டோடு நிறுத்திவிட்டதாகச் சொன்னான். நான் அழுதபோது, “விடு கண்ணு. சோறு திங்கிற கை பத்திரமா இருக்குதுல்ல” என்றான். அதற்குப் பிறகு மெஷினுக்குள் இடது கையைத்தான் விடுவான். கெட்ட கையே கெடட்டும் என்பான்.

கட்டு பிரிப்பதற்கு முன்பே கிடாரை எடுத்துவிட்டான். கம்பியை அழுத்துகிற கை அதுதான். இருப்பது சுட்டுவிரலும் சுண்டுவிரலும். பிரேக் ஒயர் புண்ணில் ஏறும். கட்டுத்துணி நனைந்து சிவந்துவிடும். நிறுத்துவான், கையைத் தண்ணீரில் முக்குவான், மறுபடி எடுப்பான். பைத்தியம் பிடித்தவன் மாதிரி மூன்று மாதம். புண் ஆறட்டும் என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் வாசித்தான். பழைய பாட்டுதான். ஆனால் எட்டாத சுரங்களை விட்டுவிட்டு வாசித்தான். விட்ட இடமெல்லாம் காலியாக நின்றது. அந்தக் காலி இடங்களில்தான் பாட்டு இருந்தது. லைனில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். பேச்சே இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியசாமி எதையும் கேலி செய்கிறவர். அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பத்து வெரல்ல வாசிச்சப்ப எந்திரிச்சுப் போனவனுங்க நானு. எட்டு வெரல்ல வாசிக்கறான், எந்திரிக்க முடியல. இன்னும் ரெண்டு போச்சுன்னா நம்மளையெல்லாம் கொன்னே போடுவான்.”

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன்தான் அதிகம் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. என் புத்தகங்களில் இருக்கிறவர்களில் ஒருவன் எங்கள் லைன் வீட்டிலேயே இருக்கிறான் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கூட்டம் கலைந்தபோது பெண்கள் என்னையும் பார்த்துவிட்டுப் போனார்கள். அவனுடைய தங்கை என்று.

அடுத்த வருடம் அவனுக்கு இருமல் கண்டது. சளியில் ரத்தம் வந்தது. காசநோய், மாத்திரை ஒரு நாள்கூட விடக்கூடாது என்று டாக்டர் சொன்னார். மாதம் ஒரு முறை பஸ்ஸில் போய் மாத்திரை வாங்கிவருவது என் வேலை. அவனால் உட்கார முடியாது. மல்லாந்து படுத்துக் கிடாரை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, இரண்டு இருமலுக்கு நடுவில் கிடைக்கிற நேரத்தில் வாசித்தான். மூச்சு கிடைக்காதவன் வாசிப்பு அது. அதை நீங்கள் கேட்டிருந்தால் நான் சொல்வது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் அவன் நன்றாகத் தூங்கினான். பசிக்கிறது என்றான். கிடாரை எடுப்பது குறைந்தது. அதனால் செவ்வாயும் வெள்ளியும் மாத்திரை கொடுப்பதை நிறுத்தினேன். வாரத்தில் இரண்டு நாள் மட்டும். பிறகு புதனும். மாத்திரைகளை வீணாக எறியவில்லை. பொட்டலமாகக் கட்டிக் காப்பிச் செடிகளின் அடியில் புதைத்தேன். இருமல் திரும்பி வந்தது. வாசிப்பும் வந்தது. இரவெல்லாம் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தது நான்தான் என்பதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

தேவகுமாரி மலையடிவாரத்துக் குப்பனூர்ப் பெண். பழம் பறிக்க வந்து லைனில் அவள் அத்தை வீட்டில் தங்கியிருந்தாள். களை கொத்தும்போது அவள் கையில் ஒரு பொட்டலம் அகப்பட்டது. என்னிடம் கொண்டுவந்து பிரித்துக் காட்டினாள்.

“ஏம்புள்ள, செடிக்குமா காசநோயி?” என்றாள்.

பொட்டலத்தைப் பற்றி அவள் என் அண்ணனிடமும் சொல்லவில்லை, வேறு யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து மாத்திரைகளைத் தன் இடுப்பில் முடிந்துவைத்துக்கொண்டு, தினமும் காலையில் வந்து தன் கையால் கொடுத்து, அவன் விழுங்குகிறவரை நின்று பார்த்துவிட்டுப் போனாள். ஒரு வருடம் அப்படிச் செய்தாள். அண்ணனுக்குக் கன்னத்தில் சதை வைத்தது. போன ஐப்பசியில் இரண்டு பேருக்கும் கல்யாணம் பேசி முடித்தார்கள். தை மாதம் கல்யாணம். அதற்குப் பிறகு குப்பனூரில், அவள் அப்பாவின் சைக்கிள் கடையில் உட்கார வேண்டியது. அடிவாரத்துச் சூடு அவன் நெஞ்சுக்கு நல்லது என்றாள் அவள்.

கிடாரை எடுத்துப்போவாயா என்று நான் கேட்டேன். அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னது இது.

“அது உனக்கே இருக்கட்டும் கண்ணு. வாசிக்கறப்பெல்லாம் நொம்ப வலிக்குது. வலிக்காத ஒரு பொழப்பு இருந்தாப் போதும் எனக்கு.”

மூன்று வருடமும் வலித்துக்கொண்டுதான் இருந்ததென்று எனக்குத் தெரியும். ஆனால் அதை அவன் வாயால் சொன்னது அன்றுதான். தை வந்தால் அவன் சைக்கிளுக்குக் காற்றடிப்பான். குண்டாவான். யாரோ ஒருவன் ஆகிவிடுவான். நான் கூடையைக் கட்டிக்கொண்டு பழம் பறிப்பேன். சாயங்காலம் அந்த வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. பல நாள் யோசித்தேன். வேறு வழி இருந்தால் அதைச் செய்திருப்பேன். அவனிடம் கெஞ்சிக்கூடப் பார்த்தேன். கிடாரை எடுத்து மடியில் வைத்தால், எனக்காக ஒரு பாட்டு வாசித்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவான். நன்றாக வாசித்தான். சும்மா நன்றாக.

கல்யாணத்துக்கு வாட்ச் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி, அவன் இடது மணிக்கட்டை ஒரு நூலால் அளந்தேன். அன்று முழுக்க அவனுக்கு அதே பேச்சு. முள் இருட்டில் மின்னுமா, பட்டை தோலா இரும்பா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பெரியசாமியிடம், மணி கேட்க இனி நம் வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்றானாம்.

ஞாயிற்றுக்கிழமை அவனும் தேவகுமாரியும் அவள் அத்தையோடு குப்பனூருக்கு வீடு பார்க்கப் போனார்கள். அப்போதுதான் கம்பிகளைக் கழற்றித் தலைகீழாகக் கட்டினேன். தடித்த கம்பி கீழே, மெல்லிய கம்பி மேலே. கிடாரைத் திருப்பிப் பிடித்தால், இதுவரை மீட்டிய வலது கை கம்பியை அழுத்தும். இடது பக்கம் மீட்டினால் போதும். மீட்டுவதற்கு விரல் வேண்டியதில்லை.

திரும்பி வந்தவன் கிடாரைப் பார்த்துவிட்டான்.

“ஏங்கண்ணு, நொட்டாங்கைக்காரன் எவனாச்சும் நம்மூட்டுக்கு வந்துட்டுப் போனானா?”

“தொடச்சு மாட்டறப்ப மாறிப்போச்சுங்கண்ணா,” என்றேன்.

“கெடக்குது விடு. இனி அதை எவன் தொடப்போறான்,” என்று சிரித்தான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணி இருக்கும். பழம் அடைத்துக்கொண்டது. இரண்டு தட்டு. தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவிலும் அது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அன்று என் மனசில் எந்தக் கதையும் இல்லை. நான் சக்கரத்தை நிறுத்தினேன். அவன் கை அடிவரை போக எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். ஐந்து எண்ணினேன். பிறகு சுற்றினேன். விரலோடு நின்றுவிட்டால், பாதிக் கையை வைத்துக்கொண்டு அழுத்தவும் முடியாமல் மீட்டவும் முடியாமல் திண்டாடுவான். அதனால் மூன்று சுற்று சுற்றினேன்.

கையை எடுத்துவிட்டார்கள் என்று நீங்கள் வந்து சொன்னபோது, மணிக்கட்டுக்கு மேலேயா கீழேயா என்று கேட்டேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள் என்றீர்கள். கீழே, மணிக்கட்டு தப்பியது என்றீர்கள். எனக்கு உயிர் வந்தது.

சேலம் ஆஸ்பத்திரியில் அண்ணன் சக்கரத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லையாம். இந்தத் தடவையும் தட்ட மறந்துவிட்டேன் என்றுதான் சொன்னானாம். நீங்கள் எழுந்து புறப்படும்போது மட்டும், “ஞாயித்துக்கெழமையே கம்பி ஏனுங்க தலைகீழா இருந்துச்சு? அதை மட்டும் அவளைக் கேட்டுச் சொல்லுங்க” என்றானாம். இன்று காலையில் நீங்கள் அதைத்தான் கேட்டீர்கள். நான் சொல்லிவிட்டேன். அவனுக்கும் சொல்லுங்கள். புரிந்துகொள்வான். அவனைப்போல என்னை அறிந்தவர்கள் யாருமில்லை.

இனி ஒன்றே ஒன்று. வீட்டில் என் டிரங்குப் பெட்டியில், புத்தகங்களுக்கு அடியில், பழைய பெல்ட்டில் தைத்த ஒரு தோல் பட்டை இருக்கிறது. மணிக்கட்டில் மாட்டுவதற்கு. கம்பியை மீட்ட அதன் நுனியில் எருமைக்கொம்புத் துண்டு ஒன்றை வைத்துக் கட்டியிருக்கிறேன். நூல் அளவுக்குச் சரியாக இருக்கும். வாட்ச் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தது அதைத்தான். அதையும் கிடாரையும் உங்கள் ஜீப்பில் சேலத்துக்குக் கொண்டுபோய் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட முடியுமாங்க? தேவகுமாரியிடம் கொடுக்க வேண்டாம், அவனிடமே கொடுங்கள். புண் ஆறும்வரை காத்திருக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்வீர்களா?