ஏழாம் நம்பர் வீட்டு வெள்ளைக் கட்டம்

பின்னால் பார்த்து வண்டி நிறுத்த எனக்கு வரவே வராது. நிற்கிற இரண்டு வண்டிகளுக்கு நடுவில் வளைத்து, ஒடித்து, பின்பக்கமாக நுழைக்க வேண்டுமே, அதைச் சொல்கிறேன். முப்பது வயதில் ஓட்டுநர் உரிமம் வாங்கினேன். அதற்குப் பிறகு நாற்பத்து நாலு வருஷம் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. எங்கே போனாலும் என் வீட்டுக்காரர் நெவில்தான் ஓட்டுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து புதினா மிட்டாயைப் பிரித்துக் கொடுப்பேன்.

டீ நன்றாக இருக்கிறது, நன்றி கண்ணு. நீ சின்னப் பெண். போலீஸ் உடுப்பு உனக்குத் தோளில் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. அவசரப்படாமல் எழுதிக்கொள். எதையும் மறைக்கிற ஆள் நான் இல்லை. எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேள், ஏழாம் நம்பர் நார்மா பொய் சொல்ல மாட்டாள் என்பார்கள். முன்பெல்லாம் அப்படித்தான் சொன்னார்கள்.

பாபின் தெரு உனக்குத் தெரியும். இருபத்தாறு வீடுகள், ஒன்றோடொன்று தோள் ஒட்டியவை. கதவைத் திறந்தால் நடைபாதை. வண்டி நிறுத்தப் பதினைந்து பேருக்கு இடம் இருக்கும். மற்றவர்கள் சர்ச்சுக்குப் பின்னால் இடம் தேடிப் போக வேண்டும். நெவிலுக்குப் பக்கவாதம் வந்து இடது காலும் கையும் விழுந்தபோது, பத்து மாதம் நான் அங்கேதான் நிறுத்தினேன். அங்கிருந்து சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருவேன். லங்காஷயர் மழை ஆளைப் பார்த்துப் பெய்வதில்லை. அவர் நல்ல கையில் குடையைப் பிடித்துக்கொண்டு, "டிரைவரம்மா, கொஞ்சம் வேகமாப் போங்க, டிக்கெட்டுக் காசு திருப்பிக் கேப்பேன்" என்பார்.

பிறகு நகராட்சிக்கு எழுதிப் போட்டேன். வண்டிக் கண்ணாடியில் வைக்க, ஊனமுற்றோருக்கான நீல அட்டை ஒன்று நெவில் பேரில் வந்தது. மூன்று பேர் வந்தார்கள். சூடான வெள்ளைப் பெயின்டால் எங்கள் வாசலுக்கு நேரே ஒரு நீளக் கட்டம் வரைந்து, ஊனமுற்றோருக்கு மட்டும் என்று எழுதினார்கள். ஒன்றரை வண்டி நீளம். நேராக உள்ளே போய் நேராக வெளியே வரலாம். வளைக்கவும் வேண்டாம், ஒடிக்கவும் வேண்டாம். ஜன்னலில் நின்று அது காய்கிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபத்து நாலு வருஷத்தில் எனக்கென்று யாரும் ஒரு கோடு வரைந்து தந்ததில்லை. நெவிலுக்கென்று என்று சொல்ல வந்தேன். அப்படியே எழுதிக்கொள்.

அதன் பிறகு எனக்கு வண்டி ஓட்டுவது பழகிவிட்டது. வியாழன் நூலகம். சனிக்கிழமை கடற்கரை. கடல்காற்று நெவிலுக்கு ஆகாது, ஆகையால் தனியாகப் போவேன். திரும்பி வரும்போது கட்டம் காலியாக எனக்காகக் காத்திருக்கும்.

காத்திருக்கும் என்றா சொன்னேன். எல்லா நாளும் அப்படி இல்லை. பக்கத்து வீடு ஒன்பதாம் நம்பரில் டாரன் இருக்கிறான். சுவர் பூசுகிறவன், பெரிய வெள்ளை வேன் வைத்திருக்கிறான். ஒரு சனிக்கிழமை வந்து பார்த்தால் என் கட்டத்தில் அந்த வேன். நான் அவன் கதவைத் தட்டினேன்.

"அதுல நிறுத்த எனக்கும் உரிமை இருக்கு நார்மா. கண்ணாடியில நீல அட்டை வெச்சிருக்கேன், பாக்கலையா?"

"அது எங்க இடம் டாரன்."

"ரோட்டுக்கு எப்பங்க பட்டா வாங்கினீங்க? சொல்லியிருந்தா நானும் வரிசையில நின்னிருப்பேனே."

நகராட்சிக்குப் போன் செய்தேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "அது யார் பேர்லயும் இல்லைங்கம்மா. உங்களுக்காகத்தான் போட்டோம், ஆனா நீல அட்டை இருக்கிற யாரும் நிறுத்தலாம்" என்றாள். இதைக் கேட்டால் யாருக்குத்தான் மனது சங்கடப்படாது. நான் வெளியே போகும்போது இரண்டு குப்பைத் தொட்டிகளை உருட்டிக் கட்டத்தில் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தேன். எங்கள் தெருவில் எல்லோரும் செய்வதுதான். டாரன் இரண்டு தடவை தள்ளி வைத்தான், பிறகு விட்டுவிட்டான்.

அவனுக்கு எப்படி நீல அட்டை என்று கேட்கிறாய். முன்பே சொல்லியிருக்கலாம். அவனுக்கு ஒரு பெண் குழந்தை, மெய்சி, ஆறு வயது. பிறந்ததிலிருந்தே கால்கள் சரியில்லை. அவனும் ஒரு கட்டம் கேட்டு எழுதியிருக்கிறான். தெரு குறுகல், ஒன்றுக்கு மேல் போட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு நான் என்ன செய்ய.

"புள்ளையைத் தூக்கிக்கிட்டு சர்ச்சுலேர்ந்து நடந்து வர்றேன் நார்மா. ஒரு நாள் விட்டா ஒரு நாள்னு வெச்சுக்கலாமே" என்று ஒருமுறை கேட்டான்.

"நீ தூக்குவ. நான் நெவிலைத் தூக்க முடியுமா?" என்றேன். நியாயமான கேள்விதானே.

நெவில் தேறி வந்தது இந்த வசந்தத்தில். ஃப்ரேயா என்று ஒரு பிசியோ பெண் செவ்வாய்தோறும் வருவாள். எங்கள் பின்வாசல் படியோரம் கைப்பிடிக் கம்பி போடவைத்தவள் அவள்தான். முதலில் நிற்க வைத்தாள். பிறகு நாலு எட்டு. ஜூலையில் பின்முற்றத்தில் கதவு வரை போய் வந்தார். "கிறிஸ்துமஸுக்கு முனைக் கடையில நீங்களே போய் பேப்பர் வாங்கறீங்க நெவில், பந்தயம்" என்று அவள் சொல்வாள். "அப்புறம் கார் சாவியை நார்மாகிட்டேர்ந்து பிடுங்கிடலாம்" என்பார் இவர். இரண்டு பேரும் சிரிப்பார்கள். எனக்கும் சந்தோஷம்தான். சந்தோஷம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆகஸ்டில் ஒரு நாள் நான் மாடியில் படுக்கை விரித்துக்கொண்டிருந்தேன். வெளியே பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தால் நெவில் வாசலில், நாற்காலி இல்லாமல், வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கைக்குட்டையால் பக்கக் கண்ணாடியைத் துடைக்கிறார். டாரன் வேனிலிருந்து தலையை நீட்டினான்.

"அடடே நெவில்! தண்ணி மேலயும் நடப்பீங்களா, இல்ல தரையில மட்டுந்தானா?"

"இன்னிக்குத் தரை. நாளைக்கு வா, குளத்துக்குப் போலாம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எதிர்வரிசையில் ஒரு திரை அசைந்தது. நான் பார்த்தேன்.

அன்றிலிருந்துதான் கண்ணு எல்லாம் மாறியது. நான் கட்டத்தில் வண்டியை நிறுத்தி இறங்கினால் பேச்சு நிற்கும். அஞ்சலகத்தில் முன்னால் நின்ற பெண் திரும்பி, "நெவில் நல்லா நடக்கறாராமே" என்றாள். அந்த 'ஆமே'யை நீ கேட்டிருக்க வேண்டும். பன்னிரண்டாம் நம்பர் பெர்னிஸ் வாராவாரம் சுட்டுத் தருகிற, இறைச்சி அடைத்த பேஸ்ட்ரியை நான் வாங்குவதை நிறுத்தினேன். அவளுடைய பாத்திரம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஒரு நாள் டாரன் போனைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான். சிக்னல் தேடுகிறேன் என்றான். அவன் வீட்டில் சிக்னல் நன்றாகவே கிடைக்கும்.

பொய் அட்டை வைத்திருக்கிறார்கள் என்று எங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். அது எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு குண்டூசியைக்கூட நான் கேட்காமல் எடுத்தவள் இல்லை. நெவிலிடம் சொன்னேன், வெளியே வருவதானால் நாற்காலியில்தான் வர வேண்டும் என்று.

"நடக்கறது குத்தமா நார்மா?"

"குத்தம்னு யார் சொன்னா? விழுந்துடுவீங்களேன்னு சொல்றேன்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ஃப்ரேயாவின் அலுவலகத்துக்கு நான்தான் போன் செய்தேன். நெவில் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார், இனி வர வேண்டாம் என்றேன். நெவிலிடம், ஆள் பற்றாக்குறையாம், நிறுத்திவிட்டார்கள் என்றேன். இரண்டும் பொய் என்று நீ எழுதுவாய். எழுதிக்கொள். அதை நான் ஓய்வு என்றுதான் நினைத்தேன். அவர் களைத்துப்போயிருந்தார்.

ஆனால் அவர் விடவில்லை. தினமும் காலை ஒன்பதரைக்குப் பின்முற்றத்தில் தானாக நடந்தார். வாய்விட்டு எண்ணுவார். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. பாத்திரம் கழுவிக்கொண்டு கேட்பேன். நாளுக்கு நாள் எண் கூடிக்கொண்டே போனது.

அக்டோபர் கடைசியில் நகராட்சிக் கடிதம் வந்தது. அட்டைதாரரின் உடல்நிலை மாறியிருப்பதாகத் தகவல் கிடைத்திருக்கிறது, நவம்பர் பதினான்காம் தேதி நேரில் வந்து நடந்து காட்ட வேண்டும் என்று. அட்டை போனால் கட்டத்தையும் அழித்துவிடுவார்கள். யார் சொல்லியிருப்பார்கள் என்று இரண்டு நாள் யோசித்தேன். யோசிக்க என்ன இருக்கிறது, டாரன்தான். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு எங்களைத் திருடர்கள் என்று எழுதிப்போட்டிருக்கிறான்.

கடிதத்தை நெவிலிடம் படித்துக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. "போய் நடந்து காட்டிடுவோம். வாசலிலேர்ந்து மேஜை வரைக்கும், கைத்தடி இல்லாம" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது, "நார்மா, ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்கக் கூடாது" என்று ஆரம்பித்தார். அப்புறம் சொல்லுங்கள், அடுப்பில் வேலை இருக்கிறது என்றேன்.

இப்போது பன்னிரண்டாம் தேதிக்கு வருகிறேன். நீ கேட்க நினைப்பது அதைத்தான்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் வாசற்படியைத் தேய்த்துக் கழுவாமல் இருக்க மாட்டார்கள். என் அம்மா தேய்த்தாள், அவள் அம்மாவும். அந்தக் காலத்தில் படியைப் பார்த்துத்தான் வீட்டுக்காரியை எடைபோடுவார்கள். இப்போது தெருவில் நான் ஒருத்திதான் செய்கிறேன், முன்படி செவ்வாய், பின்படி புதன். பன்னிரண்டாம் தேதி புதன்கிழமை. முதல்நாளே ரேடியோவில் கடும் உறைபனி என்று சொன்னார்கள். எட்டு மணிக்கு வாளியும் பிரஷுமாகப் போய்ப் பின்படியைத் தேய்த்தேன். கைப்பிடிக் கம்பியையும் துடைத்தேன். நன்றாகத் தண்ணீர் விட்டு அலசினேன். குளிர்காலத்தில் கழுவியதும், தண்ணீர் உறைந்து வழுக்காமல் இருக்க உப்புத் தூவுவது வழக்கம். அன்று தூவவில்லை. உப்பு டப்பா அலமாரியில்தான் இருந்தது, பாதிக்கு மேல் இருந்தது.

ஒன்பதரைக்கு அவர் எழுந்து சட்டைக்கு மேல் கம்பளிக்கோட்டைப் போட்டுக்கொண்டார். நான்தான் பொத்தான் போட்டுவிட்டேன். "வெளிய எப்படி, வழுக்குமா?" என்று கேட்டார்.

"இப்பத்தானே படியைப் பாத்துட்டு வந்தேன்" என்றேன். பார்த்துவிட்டு வந்தது உண்மைதான்.

அவர் அன்று எண்ணவே ஆரம்பிக்கவில்லை.

டாரன் உன்னிடம் சொன்னது சரி. சத்தம் கேட்டு, சுவர் ஏறிக் குதித்து வந்தான். தன் கோட்டைக் கழற்றி நெவில்மேல் போட்டான். சமையலறை ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தான். நான் மேஜையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். "நார்மா! இவ்வளவு நேரமாக் கூப்பிடறாரே, காது கேக்கலையா உங்களுக்கு?" என்று கண்ணாடியைத் தட்டினான். ஆம்புலன்ஸ்காரர்களிடம் ஐந்து நிமிஷம் என்று சொன்னேன். அது தவறு. நாற்பது நிமிஷம். முதல் பத்து நிமிஷம் என் பெயரைச் சொன்னார். பிறகு பெயர் இல்லாமல் கூப்பிட்டார். நடுவில் நான் இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டேன்.

இடுப்பு எலும்பு இரண்டு இடத்தில் போய்விட்டது. மருத்துவமனையில் மறுபடியும் பக்கவாதம் வந்தது. பேச்சும் போய்விட்டது. இனி நடக்க மாட்டார் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். அதை நகராட்சிக்கு அனுப்பினேன். நேரில் வர வேண்டாம், அட்டை தொடரும் என்று பதில் வந்தது. அஞ்சலகத்தில் அந்தப் பெண்ணிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தாள்.

நகராட்சிக்குப் போன இந்தக் காகிதத்தை நீ இப்போது காட்டியபோதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். நெவிலின் கையெழுத்துதான், அவருடைய நல்ல கை அது. 'நான் இப்போது துணையில்லாமல் முப்பது அடி நடக்கிறேன். எனக்கு இந்த இடம் தேவைப்படாது. தயவுசெய்து பக்கத்து வீட்டுக் குழந்தை மெய்சியின் பெயரில் மாற்றிக் கொடுங்கள். மனைவியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.' அப்படியானால் டாரன் எழுதவில்லை. சரி. அவனைப் பற்றி நான் நினைத்தது தப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன்.

மற்றதையும் ஒத்துக்கொள்கிறேன் கண்ணு. படியில் தண்ணீர் விட்டது நான்தான். அவர் விழ வேண்டும் என்றுதான் விட்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டு. எங்களிடம் இருப்பது பொய் அட்டை என்று இனி யாரும் சொல்ல முடியாது. அந்த அவமானத்திலிருந்து அவரைக் காப்பாற்றினேன். அதை அவர் புரிந்துகொண்டிருக்கிறார்.

சீக்கிரம் முடித்துவிட்டால் மூன்று மணிக்கு அவரைப் பார்க்கப் போகலாம். நான் உள்ளே போய் உட்கார்ந்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். அந்த ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது பாவம், திரை போடச் சொல்லி நர்ஸிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன்.