ரத்தம் கட்டாமல் இருக்க ஒரு மாத்திரை

கொழிஞ்சாம்பாறையில் நான் பொள்ளாச்சி பஸ் ஏறியபோது முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். மருந்துப் பையை மடியில் வைத்திருந்த வயதானவர் சொன்னார்:

"எங்கூட்டுக்காரரப் படுக்கையில போட்டது நாந்தான் அம்மிணி."

"ஏனுங்கக்கா அப்படிச் சொல்றீங்க?" என்றாள் இளையவள்.

"போன வருசம் நெஞ்சுல வால்வு மாத்துனாங்க. ரத்தம் கட்டாம இருக்க ஒரு மாத்திரை, ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாதுன்னாரு டாக்டர். ஒரு நாள் தேங்கா உரிக்கையில கையக் கீறிக்கிட்டாரு. துணி மாத்தி மாத்திக் கட்டியும் ரத்தம் நிக்கல. பயந்துபோய், அவருக்குத் தெரியாம அந்த மாத்திரைய எடுத்துட்டு சத்து மாத்திரையக் குடுத்தேன்."

"டாக்டர்கிட்ட கேக்கலீங்களா?"

"கேட்டா அதையேதான் குடுக்கச் சொல்லுவாரு. இருவது நாள்தான். காலையில எந்திரிக்கையில ஒரு கையும் காலும் வரல, பேச்சும் போயிருச்சு. ரத்தம் கட்டி மூளைக்குப் போயிருச்சாம். மாத்திரை ஒழுங்காத் தின்னாரான்னு டாக்டர் கேட்டாரு. தின்னாருன்னு சொல்லிப்போட்டேன்."

"அவருக்குத் தெரியுமுங்களா?"

"ரண்டு நாள் கழிச்சு அவரு காதுல சொல்லீட்டேன். கண்ணுல தண்ணி வந்துச்சு. மக்ககிட்ட இன்னும் சொல்லல."

கோபாலபுரம் செக்போஸ்ட்டில் பஸ் நின்றது. இளையவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப மாத்திரை குடுக்கறது ஆருங்கக்கா?"

"நாந்தான். மருமக குடுத்தா வாயத் தொறக்க மாட்டீங்கறாரு. நான் குடுத்தா, என்ன மாத்திரைன்னு பாக்காமயே முழுங்கறாரு."