கைதட்டல் எங்கிருந்து வந்தது

என் பாட்டில் எல்லோருக்கும் பிடித்தது கைதட்டல்தான், வரிகள் அல்ல. அதில் எனக்கு வருத்தமில்லை. நாற்பது வருடச் சரித்திரத்தை நாலு நிமிடத்தில் அடைத்துக் கொடுத்தேன். ஆடுகிறவர்களோ தேர்தல், போர், புயல் எல்லாவற்றையும் முணுமுணுத்துத் தாண்டிவிட்டு, 'டக்டக்... டக்' வந்ததும்தான் கையைத் தூக்குகிறார்கள்.

அந்தத் தாளம் எங்கே கிடைத்தது என்று கேட்டீர்கள். சொல்கிறேன், சுவாரசியமான விஷயம்.

பாட்டெழுத வருமுன் ரயில்வே சிக்னல் அறையில் இருந்தேன். இரண்டு மைல் தள்ளி, ரோடு தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் ஒரு கேட். அங்கே கேட்கீப்பர் என் மனைவியின் தம்பி. எங்களுக்கு நடுவே ஒரு கம்பி. இரண்டு முனையிலும் ஒரு மணி, ஒரு பொத்தான். ரயில் வருகிறதென்றால் நான் அடுத்தடுத்து இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று அடிப்பேன். அவன் கேட்டை மூடிவிட்டு அதையே திருப்பி அடிப்பான். அது காதில் விழுந்த பிறகு பதிவேட்டில் 'பதில் வந்தது' என்று எழுத வேண்டும். அதற்கப்புறம்தான் சிக்னல் கொடுக்கலாம். எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவனுக்குக் கண் சொக்கும். விழிக்க வைப்பதற்காக மணியில் பாட்டுத் தட்டுவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "மாமா, அது பாட்டா? யாரோ ஆணி அடிக்கிறாங்கன்னு நெனச்சேன்" என்பான். ரசனை கொஞ்சம் குறைவு.

ஆனால் பதில் தவறியதே இல்லை. அதனால் பதிவேட்டை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவேன். மனிதர்கள்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

அன்றைக்கு ஒரு புது மெட்டு வந்தது. 'டக்டக்... டக்' என்று முடிந்தது. பிரமாதமாக இருந்ததால் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு சரக்கு ரயில். அதற்கு நேரம் காலம் கிடையாது. மணியடித்துச் சொன்னால்தான் அவனுக்குத் தெரியும். சொன்னேன். அவன் அதையும் பாட்டென்று எண்ணி, கேட்டில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தானாம். பதில் வராததை நான் கவனிக்கவில்லை. பதிவேட்டில்தான் வந்துவிட்டதே. சிக்னல் கொடுத்தேன்.

பஸ்ஸில் முப்பத்தோரு பேர். ஒருவரும் மிஞ்சவில்லை.

விசாரணையில் பதிவேட்டைப் பார்த்தார்கள். கேட்டை மூடாமலே பதில் அடித்துவிட்டுத் தூங்கியிருக்கிறான் என்று முடிவானது. மணிப்பாட்டைப் பற்றி அவன் மூச்சு விடவில்லை. அவன் அக்காவுக்கு அப்போது நிறைமாதம். ஆறு வருடம் உள்ளே இருந்தான். தங்கமான பிள்ளை.

பிற்பாடு பாட்டில் அந்த வருடத்துக்கு ஒரு வரி தேவைப்பட்டது. வேறு எதுவுமே நடக்காத வருடம் அது. நான் என்ன செய்ய?

'பட்டப் பகலில் முப்பத் தொண்ணு,
பதிலைக் கொடுத்துத் தூங்கிய கண்ணு.'

மோனையும் இயைபும் தானாக விழுந்தன.

பாட்டு ஊரெல்லாம் ஒலிக்க ஆரம்பித்த பிறகு அவன் வீட்டுக்கு வந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"மாமா, பள்ளிக்கூட விழாவுல எம்பொண்ணு இதுக்கு ஆடப் போறா. அந்த வரி வர்றப்போ கண்ணை மூடித் தூங்குற மாதிரி செஞ்சு காட்டுறா. அது நான்தான்னு அவளுக்குத் தெரியாது. என்னைக்காவது யாராவது சொல்லிருவாங்க. அந்த ஒரு வரிய மட்டும் மாத்திருங்களேன்."

"அடுத்த வரி இடிக்கும், மாப்ள."

என் மனைவி தேநீர் வைத்தாள். "தூங்கினது நீ. பாட்டெழுதின மனுஷனைப் போய்க் குடையறே" என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் சர்க்கரையைக் கலக்கினேன். "ஆமாக்கா" என்றான். குடித்துவிட்டுப் போனான்.

வரி அப்படியே இருக்கிறது. அவனுக்கு நான் நல்லதே செய்திருக்கிறேன் என்பதை ஒருநாள் புரிந்துகொள்வான். நீங்களே மேடையில் கவனித்திருப்பீர்கள். முதலில் டிரம் தனியாக 'டக்டக்... டக்' என்று கேட்கும். உடனே ஐம்பதாயிரம் பேர் அதையே திருப்பித் தட்டுவார்கள். அன்றைக்கு வரவேண்டிய பதில்தான் அது. கொஞ்சம் தாமதம், அவ்வளவே. நான் பதிவேட்டில் எழுதியது பொய் என்று இனி யாரும் சொல்ல முடியாது.