அம்மன் வந்த வழி

காணும் பொங்கலன்று பட்டணத்தில் எங்கள் மியூசியத்தில் நிற்க இடம் இருக்காது. பாடம் செய்த புலியைப் பார்க்கத்தான் அவ்வளவு கூட்டமும். வெண்கலச் சிலைகள் இருக்கும் மாடிக்கு ஏறுகிறவர்கள் கம்மி. ஏறினால், வலப்பக்கம் நான்காவது கண்ணாடிப் பெட்டியில் இரண்டடி உயர அம்மன் நிற்பாள். 'கல்வராயன் மலை, புதையல், 1987' என்று அட்டை இருக்கும். எழுதியவன் நான்தான்.

மியூசியத்தின் வரலாறு எழுதப்போவதாகச் சொல்கிறீர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு பெட்டிக் கற்களோடு தொடங்கிய இடம் அது. பிறகு சேர்ந்ததெல்லாம் யாரோ எங்கிருந்தோ தூக்கி வந்தவை. நான் மட்டும் பதினெட்டுச் சிலைகள் கொண்டுவந்தேன். இந்த அம்மன் எப்படி வந்தாள் என்று இத்தனை வருஷத்தில் யாரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டுவிட்டீர்கள். மறைக்கவும் தெம்பு வேண்டியிருக்கிறது. எனக்கு இப்போது அது இல்லை.

மலையில் சின்னராசு என்பவர் சாமை விதைக்க நிலத்தைக் கொத்தியபோது கிடைத்த சிலை. ஊர்க்காரர்கள் பலாமரத்தடியில் நிறுத்திக் கும்பிட ஆரம்பித்திருந்தார்கள். மண்ணுக்குள் கிடைத்தது அரசாங்கத்துக்குச் சொந்தம் என்பது சட்டம். ஜீப்பில் மலையேறிப் போய் அதைச் சொல்லி இரண்டு நாள் பேசினேன். யாரும் அசையவில்லை. அதற்குள் கீழே சமவெளியில் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கிவிட்டது. வழியெல்லாம் மரங்களை வெட்டிப் போட்டிருப்பதாகச் சேதி வந்தது.

மூன்றாம் நாள் காலையில் சின்னராசு ஜீப்புக்கு ஓடி வந்தார்.

"பொண்டாட்டிக்குத் தலப்பிரசவம் சார். நேத்துலேந்து வலி, கொழந்த எறங்கல. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரில கொண்டுபோயி வுட்டீங்கன்னா போதும்."

"அம்மனும் வரட்டும்" என்றேன்.

பலாமரத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரே போய்ச் சிலையைத் தூக்கி வந்தார். நான் கட்டாயப்படுத்தவில்லை.

பின்னால் ஒரு பக்கம் வைக்கோலும் சாக்கும் சுற்றிய அம்மன், மறுபக்கம் அவர் மனைவி பூமாலை. இருபது வயது இருக்கும். வலி வரும்போதெல்லாம் சிலையைப் பிடித்துக்கொண்டாள். மெல்லிய வேலைப்பாடு, தாங்காது. இரண்டு முறை அவள் கையை எடுத்துவிட்டேன்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் முதல் மரம். மறியல்காரர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். "புள்ளத்தாச்சிடா, வழி வுடுங்க" என்று ஒருவர் கத்த, பத்துப் பேர் சேர்ந்து மரத்தை நகர்த்தினார்கள். அவள் இல்லாமல் இந்தச் சாலையில் அம்மன் நகர முடியாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கள்ளக்குறிச்சிக்கு முன்னால் இன்னொரு மரம். இழுத்துப்போட சின்னராசுவும் இறங்கினார். வழி கிடைத்ததும் டிரைவர் மாயவனிடம், நிறுத்தாமல் போகச் சொன்னேன். சின்னராசு கொஞ்ச தூரம் பின்னால் ஓடி வந்தார்.

"சார், ஆஸ்பத்திரிக்கு இந்தப் பக்கம் திரும்பணும்" என்றார் மாயவன்.

"நேரே போங்க. விழுப்புரத்துல நல்ல டாக்டர் இருப்பாங்க."

அவர் வேலை என் கையெழுத்தில் இருந்தது. நேரே போனார்.

"அவரு எங்க?" என்று பூமாலை கேட்டாள். பின்னால் வருகிறார் என்றேன். தியாகதுருகத்துக்கு அப்புறம் அவள் எதுவும் கேட்கவில்லை. உளுந்தூர்பேட்டை நெருங்கும்போது மாயவன் கண்ணாடியில் பார்த்து, "சார், அந்தம்மாவுக்கு மூச்சு இல்ல சார்" என்றார். எனக்கு முன்பே தெரியும். முகம் பாதி தெரியும்படி போர்வையை இழுத்துவிட்டேன். விழுப்புரத்தில் நிறுத்தவில்லை. திண்டிவனம் தாண்டும்வரை அவள் தேவைப்பட்டாள். ஒவ்வொரு மரத்துக்கும் ஆட்கள் ஓடி வந்து வழி விட்டார்கள். ஒரு கிழவர் தண்ணீர்ச் செம்பு நீட்டினார். தூங்குகிறாள் என்று சொல்லி நான் வாங்கிக் குடித்தேன்.

செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் இறக்கினோம். வழியில் கண்டெடுத்ததாகவும் பெயர் தெரியாது என்றும் எழுதிக் கொடுத்தேன். பெயரைச் சொன்னால் ஊரைச் சொல்ல வேண்டிவரும். மாயவன் அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டார். போன வருஷம் இறந்துபோனதாகக் கேள்விப்பட்டேன்.

தை மாதம் சின்னராசு விசாரித்துக்கொண்டு மியூசியத்துக்கே வந்தார்.

"கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரில அப்படி யாரும் வரவேயில்லன்றாங்க சார். நீங்க எங்க வுட்டீங்க?"

"அங்கேதான் விட்டேன். நல்லா விசாரிங்க" என்றேன்.

அவரை மாடிக்கு அழைத்துப்போய் அம்மனைக் காட்டினேன். வெகுநேரம் நின்றார். அதற்கப்புறம் வருஷம் தவறாமல் வந்தார். அதே கேள்வியைக் கேட்பார். அதே பதிலைச் சொல்வேன். அவரிடம் டிக்கெட்டுக்குக் காசு வாங்க வேண்டாம் என்று வாசலில் சொல்லி வைத்திருந்தேன். அந்த மனிதருக்கு என்னால் ஆனதையெல்லாம் செய்தேன்.